புதிய டிடி:120 மாதிரி ரயிலை இப்போதே வாங்கலாமா? – நுகர்வோர் கேள்வி-பதில்

பிரிட்டனின் ஹார்ன்பி நிறுவனம் 2022 அக்டோபரில் 1:120 என்ற சிறிய அளவில், அதாவது நிஜத்தில் 120-இல் ஒரு பங்காக, ஒரு புதிய மாதிரி ரயில் வரிசையை அறிமுகப்படுத்தியது. அதற்குச் சில மாதங்கள் முன்னதாக, டெவனில் உள்ள பீக்கோ நிறுவனம் அதே அளவுக்கான தண்டவாளங்களையும் கட்டட மாதிரிகளையும் வெளியிட்டிருந்தது. டிடி:120 என்று அழைக்கப்படும் இந்த அளவு, பிரிட்டனில் பரவலான ஓஓ-கேஜைவிட (1:76) சிறியது, என்-கேஜைவிட (1:148) பெரியது. இதை வாங்குவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: லண்டன் ஹாரோவில் சிறிய அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். ஓஓ-கேஜ் ரயில் ஓட்ட இடம் போதாது. என்-கேஜ் பெட்டிகளைக் கையாள்வது என் கண்ணுக்கும் விரலுக்கும் சிரமமாக இருக்கிறது. டிடி:120 பொருத்தமாகத் தெரிந்தாலும், நாலைந்து ஆண்டுகளில் இதைக் கைவிட்டுவிட்டால் வாங்கியதெல்லாம் வீணாகிவிடுமே என்ற பயம் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. மாதிரி ரயிலில் முதல் பெட்டியை வாங்கும்போதே அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் எந்தத் தண்டவாளம், எந்தப் பெட்டி, எந்த உதிரிபாகம் வாங்கப்போகிறோம் என்பதும் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. ஆகவே என்ஜின் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், அந்த அளவு ஒரே ஒரு நிறுவனத்தை நம்பி நிற்கிறதா, பலர் பின்பற்றும் பொது அளவா என்று பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் இதற்கு ஒரு கசப்பான முன்னுதாரணம் உண்டு. 1957-இல் ட்ரை-ஆங் நிறுவனம் டிடி என்ற பெயரிலேயே ஒரு சிறிய ரயில் வரிசையை விற்பனைக்குக் கொண்டுவந்து, 1960களின் நடுப்பகுதியில் அதை நிறுத்திவிட்டது. வாங்கியவர்கள் கைவிடப்பட்ட நிலையில், 1965-இல் தங்களுக்குள் ஒரு சங்கத்தை அமைத்து, உதிரிபாகங்களைத் தாங்களே தயாரித்துக்கொள்ளும் நிலை வந்தது. ஆனால் அந்த வரிசை உலகில் வேறு எங்கும் புழக்கத்தில் இல்லாத, ஓர் அடிக்கு மூன்று மில்லிமீட்டர் என்ற கணக்கில், அதாவது ஏறத்தாழ 1:101.6 விகிதத்தில் அமைந்திருந்தது. அந்த விகிதத்தில் ஓட்டத் தயாரான ரயில்களுக்குப் பிரிட்டன் பெரும்பாலும் அந்த ஒரே நிறுவனத்தைத்தான் நம்பியிருந்தது. அது நிறுத்தியதும் புதிய ரயில்கள் வருவது நின்றுபோனது.

1:120 விகிதத்தின் கதை வேறு. அமெரிக்காவில் 1940களில் தோன்றிய இந்த அளவை, 1950களின் பிற்பகுதியில் கிழக்கு பெர்லினில் இருந்த சொய்க்கே நிறுவனம் கையில் எடுத்தது. போருக்குப் பின் கட்டப்பட்ட சின்னஞ்சிறு குடியிருப்புகளில் இந்த அளவு ரயில் எளிதில் அடங்கியதால், கிழக்கு ஜெர்மனியிலும் அண்டை நாடுகளிலும் அது வேரூன்றியது. சொய்க்கே 1972-இல் அரசுடைமையாகி, ஜெர்மனி இணைந்த பிறகு 1990களில் சாக்சனியின் செப்னிட்ஸ் நகரில் உள்ள டில்லிக் நிறுவனத்தின் கைக்கு வந்தது. ஆட்சி மாறியும் முதலாளிகள் மாறியும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் மாறவில்லை. இன்று டில்லிக், பிரிட்டனின் பீக்கோ, ஆஸ்திரியாவின் ரோகோ, ஜெர்மனியின் பிகோ ஆகியவற்றோடு வேறு சில ஐரோப்பிய நிறுவனங்களும் இந்த அளவில் தயாரிக்கின்றன. ஆகவே ஹார்ன்பி நாளையே கையை விரித்தாலும் உங்கள் தண்டவாளமும் கன்ட்ரோலரும் வீணாகப்போவதில்லை. பிரிட்டன் ரயில்களின் புதிய மாதிரிகள் வருவதுதான் குறையும்.

அந்தக் குறை ஏற்பட வாய்ப்பே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். அண்மை ஆண்டுகளில் ஹார்ன்பியின் கணக்கில் நட்டம் காணப்பட்டது. டென்மார்க்கின் ஹெல்ஜன் நிறுவனம் பிரிட்டன் டீசல் என்ஜின் ஒன்றை 1:120-இல் தயாரிக்கப்போவதாக அறிவித்துவிட்டு, ஹார்ன்பியின் அறிவிப்பு வந்தபின் அத்திட்டத்தைக் கைவிட்டது. எனவே "இந்த என்ஜின் அடுத்த ஆண்டு வரும்" என்ற அறிவிப்பை மட்டும் நம்பி, அதற்கான பெட்டிகளை இப்போதே வாங்கி அடுக்கிவைக்காதீர்கள். என்ஜின் கைக்கு வந்த பிறகு பெட்டிகளை வாங்கலாம்.

இடத்தைப் பொறுத்தவரை கணக்கு உங்கள் பக்கம்தான் இருக்கிறது. நிஜத்தில் 23 மீட்டர் நீளமுள்ள ஒரு பயணிகள் பெட்டி ஓஓ-கேஜில் 30 சென்டிமீட்டர் வரும். டிடி:120-இல் 19 சென்டிமீட்டர். பிரிட்டிஷ் என்-கேஜில் 15.5 சென்டிமீட்டர். ஓஓ-கேஜில் பரவலாகப் பயன்படும் 438 மி.மீ. ஆர வளைவில் ஒரு சுற்றுப் போட, குறுக்கே ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் இடம் வேண்டும். 1:120-இல் 310 மி.மீ. ஆர வளைவு போதும் என்பதால், 70 சென்டிமீட்டர் அகலமுள்ள பலகையில் வேலை முடிந்துவிடும். வழக்கமான வீட்டுக் கதவு வழியாகப் பலகையைக் குறுக்காகவே தூக்கிச் செல்லலாம் என்பது அடுக்குமாடியில் இருப்பவருக்குச் சிறிய வசதியல்ல.

எனக்கு இந்த அளவில் மிகவும் பிடித்தது இதன் விகிதப் பொருத்தம். நிஜத் தண்டவாளத்தின் இடைவெளி 1,435 மி.மீ. அதை 120-ஆல் வகுத்தால் 11.96 வருகிறது, ஆக, 12 மி.மீ. தண்டவாளம் ஏறக்குறைய துல்லியமானது. ஓஓ-கேஜில் 18.8 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 16.5 மி.மீ. தான் இருக்கிறது. என்ஜினை நேர் முன்னாலிருந்து பார்த்தால், உடல் அகன்றும் கால்கள் ஒடுங்கியும் தெரிவது அதனால்தான். டிடி:120 என்ஜினை அதே கோணத்தில் பாருங்கள். சக்கரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்.

வாங்கலாம் என்பதே என் பதில். தொடக்கத்தில் ஒரு செட், கூடுதலாக ஓரிரு பாயிண்ட் (ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் தண்டவாளத் துண்டு), அவ்வளவு போதும். ஹார்ன்பி தண்டவாளத்தின் உலோகக் கம்பி, பீக்கோவினுடையதைவிட உயரமாகத் தெரியும். முன்னது கோட் 80, பின்னது கோட் 55; கோட் எண் என்பது கம்பியின் உயரத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளில் சொல்வது. இரண்டையும் கலந்து போட நினைத்தால், இணைப்பதற்கு எந்த இணைப்பான் வேண்டும் என்று கடையில் கேட்டு, அதையும் அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் டிஜிட்டல் கட்டுப்பாட்டுக்கு மாறும் எண்ணம் இருந்தால், என்ஜினில் டிஜிட்டல் சில்லைச் செருகுவதற்கான நெக்ஸ்ட்18 என்ற சாக்கெட் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் செகண்ட் ஹேண்ட் டிடி என்ஜின்கள் மிக மலிவாகக் கிடைக்கின்றன. புதிய செட்டுடன் சேர்த்து ஓட்டலாமா?

பதில்: பிரிட்டனில் அப்படி மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை மேலே சொன்ன பழைய ட்ரை-ஆங் வரிசையைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் தண்டவாள இடைவெளி 12 மி.மீ. தான் என்பதால் விற்பவரே அறியாமல் "பொருந்தும்" என்று எழுதிவிடுகிறார். பொருந்தாது. பழைய சக்கரங்களின் விளிம்பு ஆழமானது. புதிய தண்டவாளத்தின் பாயிண்டைக் கடக்கும்போது அது தட்டித் தூக்கிக்கொண்டு தடம்புரளும். உடலும் புதியதைவிட ஏறத்தாழ 18 விழுக்காடு பெரியது. இரண்டையும் ஒரே ரயிலில் கோத்தால் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும்.

விளம்பரத்தில் 1:120 என்ற எண்ணும் தயாரிப்பாளர் பெயரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். டில்லிக்கின் பழைய சரக்கு தாராளமாகப் பொருந்தும், ஆனால் அவை ஜெர்மன் ரயில்கள். கிழக்கு ஜெர்மனிக் காலத்துச் சரக்கு என்றால் பெட்டிகளை இணைக்கும் கொக்கி வேறுபடலாம். நெம் 358 என்ற ஐரோப்பிய நியதிப்படி கொக்கி செருகும் இடம் இருக்கிறதா என்று விற்பவரிடம் படம் அனுப்பச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: லெஸ்டரிலிருந்து எழுதுகிறேன். இணையக் கடை ஒன்றில் 160 பவுண்டுக்கு ஒரு டிடி:120 என்ஜின் வாங்கினேன். ஐந்தாம் வாரத்தில் ஒரு திசையில் மட்டும் திக்கித் திக்கி ஓடுகிறது. கடைக்காரர் தயாரிப்பாளரிடம் பேசச் சொல்கிறார். முன்பதிவு செய்த இன்னொரு என்ஜினும் தாமதமாகிக்கொண்டே போகிறது.

பதில்: கடைக்காரர் சொல்வது தவறு. 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி உங்கள் ஒப்பந்தம் உங்களுக்கு விற்றவருடன்தான். தயாரிப்பாளரின் உத்தரவாதம் அதற்கு மேல் கிடைக்கும் கூடுதல் வசதி மட்டுமே. பொருள் கைக்கு வந்த முதல் 30 நாளுக்குள் குறை தெரிந்திருந்தால், திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்டிருக்கலாம். அந்தக் காலம் உங்களுக்குக் கடந்துவிட்டது. இப்போது பழுது நீக்கித் தரவோ, மாற்றித் தரவோ கடைக்காரருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அதுவும் தோற்றால் பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது விலையில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம். முதல் ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை விற்கும்போதே இருந்தது என்று சட்டம் கருதுகிறது. அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடைக்காரர்.

ஆனால் கடிதம் எழுதுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். இந்த அளவில் சக்கரத்திலோ தண்டவாளத்திலோ மெல்லிய அழுக்குப் படிந்தாலும் மின்சாரம் தடைபடும். பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தண்டவாளத்தையும் சக்கரங்களையும் துடைத்து, வளைவு இல்லாத நேர்ப்பாதையில் இரு திசையிலும் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் ஒரு திசையில் மட்டும் திக்கினால் அதைக் கைப்பேசியில் படம்பிடித்துக் கடிதத்துடன் அனுப்புங்கள். என்ஜினைத் திறந்து பார்க்கவேண்டாம். திறந்த தடம் இருந்தால் அதையே காரணம் காட்டுவார்கள்.

கிரெடிட் கார்டில் பணம் கட்டியிருந்தால் உங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள ஒரு பொருளுக்குக் கார்டு நிறுவனமும் விற்பவருக்குச் சமமாகப் பொறுப்பேற்க வேண்டும். பொருளின் விலை 100 பவுண்டைத் தாண்டியிருந்தால், முன்பணத்தை மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் இப்பிரிவு பொருந்தும். அதனால்தான் முன்பதிவுக்கு டெபிட் கார்டைவிடக் கிரெடிட் கார்டு நல்லது என்று தொடர்ந்து சொல்லிவருகிறேன்.

தாமதமாகும் என்ஜினைப் பற்றி: இணையத்தில் வாங்கிய பொருள் கைக்கு வந்த 14 நாள் வரை, காரணம் சொல்லாமலே ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். பொருள் இன்னும் வராத நிலையிலும் அந்த உரிமை உங்களுக்கு உண்டு. காத்திருக்க மனமில்லையென்றால் எழுத்தில் ரத்து செய்து முன்பணத்தைக் கேளுங்கள்.

கேள்வி: டிடி:120-ஐவிடச் சிறிய அளவும் உண்டு என்கிறார்களே, அதை வாங்கினால் இன்னும் இடம் மிச்சமாகாதா?

பதில்: ஆகும். மெர்க்லின் 1972-இல் தொடங்கிய 1:220 இசட்-கேஜ் இன்றும் தொடர்கிறது. ஆனால் பிரிட்டன் ரயில்களில் தேர்வு மிகக் குறைவு. ஜப்பானில் 2006-இல் காட்டப்பட்ட 1:450 டி-கேஜின் தண்டவாள இடைவெளி வெறும் 3 மி.மீ.; எடை போதாததால் சக்கரங்களில் காந்தம் வைத்துத் தண்டவாளத்தைப் பற்றச் செய்திருக்கிறார்கள். பார்க்க அற்புதமாக இருக்கும். விரலுக்குச் சிரமம் என்று தயங்குபவர் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

கேள்வி: கோவையில் இருக்கிறேன். இந்த 12 மி.மீ. தண்டவாளத்தை வரவழைத்து நீலகிரி மலை ரயிலின் மாதிரி செய்யலாமா?

பதில்: செய்யலாம், ஆனால் 1:120-இல் அல்ல. நீலகிரி ரயில் மீட்டர்கேஜ், அதாவது 1,000 மி.மீ. அதை 120-ஆல் வகுத்தால் 8.3 வரும், அதற்கு 9 மி.மீ. என்-கேஜ் தண்டவாளமே நெருக்கம். 12 மி.மீ. தண்டவாளம் பொருந்துவது 1:87 அளவு மீட்டர்கேஜ் மாதிரிகளுக்கு. அந்த அளவில் பீக்கோ தனியாகவே தண்டவாளம் தயாரிக்கிறது. அதில் ஸ்லீப்பர்கள் (தண்டவாளத்துக்கு அடியில் வரும் குறுக்குக் கட்டைகள்) அகன்றும் சரியான இடைவெளியிலும் இருக்கும். டிடி:120 தண்டவாளத்தைப் போட்டால் ரயில் ஓடும், ஆனால் ஸ்லீப்பர்கள் நெருக்கமாகவும் சிறிதாகவும் தெரியும். மேட்டுப்பாளையம்–குன்னூர் பகுதியில் உள்ள, என்ஜினின் பல்சக்கரம் பற்றி ஏறும் பல்தண்டவாளத்துக்கு, ஸ்விஸ் மலை ரயில் மாதிரிகளைத் தயாரிக்கும் ஜெர்மனியின் பெமோ நிறுவனத்தின் சரக்கைப் பாருங்கள். நீலகிரியின் எக்ஸ் வகை என்ஜின்களே ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூரில் வடிவமைக்கப்பட்டவை.

வரவழைப்பதற்கு முன் செலவைக் கணக்கிட்டுவிடுங்கள். மாதிரி ரயில்கள் சுங்க அட்டவணையில் பொம்மைகளின் தலைப்பிலேயே வருகின்றன. அத்தலைப்புக்கான அடிப்படை இறக்குமதி வரி 2023 பட்ஜெட்டில் 60 விழுக்காட்டிலிருந்து 70 ஆக உயர்த்தப்பட்டது. கூரியர் நிறுவனத்திடம் வரி உட்பட மொத்தத் தொகையை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். ஒரு மீட்டர் நீளத் தண்டவாளங்கள் வழியில் வளைந்துபோக வாய்ப்பிருப்பதால், விறைப்பான குழாயில் வைத்து அனுப்புவார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.