'டோன்ட் கெட் யுவர் நிக்கர்ஸ் இன் எ ட்விஸ்ட்' என்றால் என்ன? அலுவலகத்தில் சொல்லலாமா?

ஒன்றுமில்லாத விஷயத்துக்கு இவ்வளவு பதறாதே, குதிக்காதே என்று அர்த்தம். "இப்ப என்ன வானமா இடிஞ்சு விழுந்துடுச்சு?" என்று நாம் கேட்போமே, அதே தொனி. அலுவலகத்தில் சொல்லலாமா என்றால், நான் சொல்ல மாட்டேன்.

சிக்கல் அந்த நிக்கர்ஸில் இருக்கிறது. நமக்கு நிக்கர் என்றால் பையன்கள் போடும் அரைக்கால் சட்டை. பிரிட்டனில் அது பெண்களின் உள்ளாடை. அது முறுக்கிக்கொண்டு நெளிகிற மாதிரி ஏன் தவிக்கிறாய் என்று கிண்டல் செய்கிறார்கள். ஆண்களையும் இப்படிச் சொல்வதுண்டு. அப்போது நக்கல் இன்னும் கொஞ்சம் தூக்கல்.

வேடிக்கை என்னவென்றால், பழைய பொருளுக்கு நம் நிக்கர்தான் நெருக்கம். 1809-ல் வாஷிங்டன் இர்விங் என்ற அமெரிக்க எழுத்தாளர், டீட்ரிக் நிக்கர்பாக்கர் என்ற புனைபெயரில் நியூயார்க்கின் வரலாற்றை நையாண்டியாக எழுதினார். அந்தப் பெயர் அந்த ஊரின் பழைய டச்சுக் குடும்பங்களுக்கு ஒட்டிக்கொண்டது. பின்னால் வந்த ஒரு பதிப்பின் படங்களில் டச்சுக்காரர்கள் முழங்கால்வரை தொளதொளவென்று கால்சட்டை போட்டிருந்தார்கள். அந்த உடுப்புக்கும் நிக்கர்பாக்கர்ஸ் என்றே பெயர் வந்து, நிக்கர்ஸ் என்று சுருங்கியது. பிரிட்டனில் அந்தச் சுருக்கம் பெண்களின் உள்ளாடைக்குப் போய்விட்டது. நம் பையன்கள் மட்டும் அதை வெளியே போட்டுக்கொண்டு தெருவில் கோலி ஆடினார்கள்.

சரி, யாரிடம் சொல்லலாம்? நான் கவனித்தவரை, பிரிட்டிஷ்காரர்கள் இதைச் சம்பந்தப்பட்ட ஆள் எதிரில் இல்லாதபோதுதான் அதிகம் சொல்கிறார்கள்: வண்டி நிறுத்தும் இடத்துக்காக அந்த மனுஷன் நிக்கர்ஸை முறுக்கிக்கொண்டு நிற்கிறான், என்கிற மாதிரி. நேருக்கு நேர் என்றால் நெருங்கிய நண்பர்களுக்குள் மட்டும். இது ஆறுதல் வார்த்தை கிடையாது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று தவிப்பவரிடம் சொன்னால் அடிக்க வருவார். பெண்ணிடம் ஓர் ஆண் சொன்னால் மட்டம் தட்டுவதாகவே படும். மேலதிகாரியிடம் சொல்வதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஆஸ்திரேலியாவில் ட்விஸ்டுக்குப் பதில் 'நாட்', அதாவது முடிச்சு, என்பார்கள். அமெரிக்காவில் 'பான்ட்டீஸ் இன் எ பன்ச்'. அது இன்னும் பச்சையாக ஒலிக்கும். உள்ளாடையைத் தொடாமல் சொல்ல பிரிட்டனில் 'கீப் யுவர் ஹேர் ஆன்', அதாவது கோபப்பட்டுக் குதிக்காதே, என்று ஒன்று உண்டு. அதுவும் மரியாதையான பேச்சு இல்லை. அலுவலக மின்னஞ்சலுக்கு 'ப்ளீஸ் டோன்ட் வொர்ரி' போதும்.