ஆலன் கிளார்க் படங்கள்: கேள்வி பதில்

கேள்வி: பிரிட்டிஷ் இயக்குநர் ஆலன் கிளார்க் பெயரை இப்போதுதான் கேள்விப்பட்டேன். எதில் தொடங்கலாம்?

பதில்: 'மேட் இன் பிரிட்டன்'. 1983ல் தொலைக்காட்சியில் வந்தது, நடிகர் டிம் ராத்துக்கு அதுதான் முதல் படம். அடுத்து கேரி ஓல்ட்மேன் நடித்த 'தி ஃபர்ம்' (1989). எடுத்த எடுப்பில் 'எலிஃபன்ட்' வேண்டாம், பாதியில் எழுந்துவிடுவீர்கள். 1974ல் வந்த 'பெண்டாஸ் ஃபென்' தனி ரகம். அதைப் பார்த்தால் இவரா எடுத்தார் என்று தோன்றும்.

கேள்வி: 'ஸ்கம்' இரண்டு இருக்கிறதாமே?

பதில்: ஆமாம். சிறார் சீர்திருத்தச் சிறையைப் பற்றிய ராய் மின்டனின் கதை. 1977ல் பிபிசிக்காக எடுத்தார். எடுத்ததை பிபிசியே ஒளிபரப்பாமல் முடக்கியது. 1979ல் அதையே சினிமாவாக எடுத்தார். இரண்டிலும் நாயகன் கார்லினாக ரே வின்ஸ்டன்தான். இன்னொரு கைதியான ஆர்ச்சராக முதலில் டேவிட் த்ரெல்ஃபால், பிறகு மிக் ஃபோர்டு. கார்லினுக்கு இன்னொரு பையனோடு இருக்கும் உறவு சினிமாவில் கிடையாது. பிபிசி தன் பிரதியை வெளியே விட்டது 1991ல். கிளார்க் 1990 ஜூலையிலேயே இறந்துவிட்டார்.

கேள்வி: 'எலிஃபன்ட்' பார்த்தேன். யார் யாரைச் சுடுகிறார்கள், எதற்கு?

பதில்: சொல்லமாட்டார். வட அயர்லாந்தின் மத, அரசியல் மோதலில் நடக்கும் கொலைகள் 18, ஓடுவது 39 நிமிடம். பெயர், கட்சி, மதம் எதுவும் இல்லை. வசனமும் இல்லாத மாதிரிதான். ஒருவன் நடக்கிறான், சுடுகிறான், திரும்பி நடக்கிறான். பிறகு பிணத்தின் மேல் அசையாத ஷாட், போதும் போதும் என்கிறவரை. காரணம் சொல்லியிருந்தால் நாம் ஒரு பக்கம் சாய்ந்திருப்போம். கடைசிக் கொலையை மறுபடி பாருங்கள்: சேர்ந்து வரும் இருவரையும் கொலைகாரர்கள் என்றே நினைப்போம். அதில் ஒருவன் தானாகப் போய்ச் சுவரைப் பார்த்து நிற்கிறான்.

கேள்வி: யானை எங்கே வருகிறது?

பதில்: வரவே வராது. வட அயர்லாந்துப் பிரச்சினை வீட்டுக் கூடத்தில் யானை நிற்பது போல, எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள் என்றார் எழுத்தாளர் பெர்னார்ட் மெக்லாவர்ட்டி. 2003ல் இதே தலைப்பில் படமெடுத்த கஸ் வான் சான்ட், குருடர்கள் யானையைத் தடவிய கதை என்று நினைத்திருந்தாராம்.

கேள்வி: குறும்படத்துக்கு, நடக்கிறவனைக் கேமரா தொடர்ந்து போகும் அந்த நடை ஷாட் வேண்டும். கேமராவை ஆடாமல் பிடிக்கும் மோட்டார் கிம்பல் போதுமா?

பதில்: பாதிதான். கிம்பல் சாய்வையும் திருப்பத்தையும் அடக்கும். காலடியின் மேல் கீழ் குலுக்கலை அடக்காது. கிளார்க் பயன்படுத்திய, உடம்பில் மாட்டிக்கொள்ளும் ஸ்டெடிகாமில் ஸ்பிரிங் கை அதை வாங்கிக்கொள்ளும். கிம்பல்தான் கையில் என்றால் முழங்காலைச் சற்று மடக்கி, குதிகாலை முதலில் ஊன்றி நடங்கள். வைட் லென்ஸ் போடுங்கள், தூரத்தைப் பெரிதாக்கும் டெலி லென்ஸில் குலுக்கல் பெரிதாகத் தெரியும்.

ஸ்டெடிகாம் வாடகைக்குக் கிடைத்தால் முதலில் பேலன்ஸ். கேமரா மாட்டிய தண்டைக் கிடையாகப் பிடித்து விடுங்கள், 2 முதல் 3 வினாடியில் செங்குத்துக்கு வரவேண்டும். 1 வினாடியில் விழுந்தால் அடிப்பக்கம் கனம் கூடுதல். நீங்கள் நின்ற பிறகும் ஃபிரேம் ஊசலாடும். பலரும் கோட்டைவிடுவது கேமராவுக்கும் நடிகருக்கும் உள்ள இடைவெளியில். நடிகர் படபடப்பில் வேகம் கூட்டுவார், ஃபோகஸ் போய்விடும். ஒத்திகையிலேயே அடிகளை எண்ணி வேகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.