‘பௌல்’ கேட்டால் குடல் வரும்

கேள்வி: மதுரையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். மருத்துவத் துறையினருக்கான ஓஇடி ஆங்கிலத் தேர்வில் தேறி, அடுத்த மாதம் இங்கிலாந்தில் லீசெஸ்டர் நகரில் வேலைக்குச் சேர்கிறேன். வீடியோ நேர்காணலில் ‘நைட் வொர்க்’ என்று நான் சொன்னதை, ராத்திரி நடப்பேன் என்று புரிந்துகொண்டார்கள். வார்டு மேலாளரின் குடும்பப் பெயரை எம், இ, என், இசட், ஐ, இ, எஸ் என்று எழுதியிருந்தது. ‘மென்சீஸ்’ என்றேன், லேசாகச் சிரித்தார். ‘பிரிட்டிஷ் ஆக்சென்ட்’ வகுப்புக்கு ஏஜென்ட் 25,000 ரூபாய் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா. அந்தப் பணத்தில் குளிருக்கு நல்ல கோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதலில், நீங்கள் போகிற ஊர் லெஸ்டர். நடுவில் உள்ள எழுத்துகள் தபால்காரருக்காக மட்டும். வுஸ்டர், க்ளாஸ்டர் என்ற ஊர்களும் இதே வகை.

ஓஇடி பேச்சுத் தேர்வில் உங்கள் பேச்சு சிரமமில்லாமல் புரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். வெள்ளைக்காரர் மாதிரி பேசுகிறீர்களா என்று பார்ப்பதில்லை. அதில்தான் தேறிவிட்டீர்களே! இப்படியொரு வகுப்பில் ஒருமுறை பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். இங்கிலாந்து போகிற பெண்களுக்கு, நாக்கை மடித்து அமெரிக்க ‘ர்’ சொல்லப் பழக்கிக்கொண்டிருந்தார் பயிற்சியாளர். இங்கிலாந்தின் பெரும்பாலான பகுதிகளில் ‘வொர்க்’ போன்ற சொற்களில் அந்த ‘ர்’ ஒலிப்பதே இல்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வேலை தேடித் தருவதற்காக ஏஜென்சி நர்ஸிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அந்த நாட்டு நெறிமுறை. அதனால் சிலர் அதே பணத்தை ‘வகுப்பு’ என்று பெயர் மாற்றி வாங்குகிறார்கள். ரசீதில் என்னவென்று எழுதித் தருவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறும்.

சரி, வேலை எப்படி நடையானது? ‘ர்’ போய்விட்டால் இரண்டு சொல்லுக்கும் வித்தியாசம் நடுவில் உள்ள உயிர் மட்டுமே. உதடு குவிந்தால் நடப்பது, தளர்ந்தால் வேலை. நாம் ‘வொ’ என்று குவித்துவிடுகிறோம். கண்ணாடி முன் நின்று ‘கூட்டு’ என்று சொல்லுங்கள். ‘கூ’வில் உதடு குவிகிறது, கடைசி ‘டு’வில் குவிவதில்லை. பள்ளியில் குற்றியலுகரம் என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான். அந்தக் கடைசி உகரத்தின் உதட்டை அப்படியே வைத்துக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்து நீட்டுங்கள். முன்னால் ஒரு ‘வ்’, பின்னால் ஒரு ‘க்’ போட்டால் வேலை. நடப்பதற்கு ‘வோக்’ என்று குவித்துச் சொன்னால் போதும்.

இது வந்துவிட்டால் மற்றவையும் வரும். டபிள்யூவுக்குப் பின் ஓ, ஆர் வந்தால் பெரும்பாலும் உதடு தளரும்: வேர்டு, வேர்ல்டு, புழுவைக் குறிக்கும் சொல். ஏ, ஆர் வந்தால் பெரும்பாலும் குவியும்: வார்டு, வார், வெதுவெதுப்பைக் குறிக்கும் வார்ம். எழுத்தைப் பார்த்து வாய் திறந்தால் எல்லாம் தலைகீழாகப் போகும். பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் படிக்கிறோம். அகராதியில் சாய்கோடுகளுக்குள் இருக்கும் ஒலிக்குறியைப் படிக்க ஒரு பீரியட்கூட ஒதுக்குவதில்லை. கேட்டால் பரீட்சையில் வராது என்பார்கள். ஸ்பெல்லிங் தவறினால் மட்டும் சிவப்பு மை தாராளமாக வரும்.

வார்டில் நிஜமாகவே மாட்டிவிடக்கூடியது கிண்ணம். நம் ஊர் ஹோட்டல் முழுக்க ‘சூப் பௌல்’தான். அங்கே கிண்ணம் ‘கோல்’ மாதிரி ‘போல்’. ‘பௌல்’ என்று இழுத்தால் அவர்களுக்குக் குடல் என்று கேட்கும். குடல் சுத்தமாகப் போனதா என்று நோயாளியிடம் தினமும் விசாரிக்கிற இடத்தில் இந்தக் குழப்பம் வேண்டாமே.

சிரிப்போடு போகாதது எண்கள். பதினைந்தும் ஐம்பதும் இங்கிலீஷில் யார் வாயிலும் ஒன்றுபோல் கேட்கும். போனில் மருந்தளவு சொல்லும்போது எண்ணைச் சொல்லிவிட்டு ‘ஒன், ஃபைவ்’ என்றோ ‘ஃபைவ், ஜீரோ’ என்றோ பிரித்தும் சொல்லுங்கள். எதிராளியைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இதற்கு எந்த ஆக்சென்ட்டும் வேண்டாம்.

இனி உங்கள் மேலாளர். அந்தப் பெயர் ஸ்காட்லாந்துக்காரர்களுடையது. பழைய ஸ்காட்ஸ் எழுத்தில் ‘யோக்’ என்று ஒன்று இருந்தது, 3 என்ற எண் மாதிரி இருக்கும். அச்சுக்கூடத்தில் அந்த எழுத்து இல்லாததால், பார்க்க ஒத்துப்போன இசட்டைப் போட்டார்கள். ஒலி பழையபடியே நின்றது, ‘மிங்ஙிஸ்’. அரிச்சுவடியில் ‘ஙி’ என்று ஓதிவிட்டு அப்புறம் எங்குமே பயன்படுத்தாமல் வைத்திருக்கிறோமே, அதற்கு இங்கே ஒரு வேலை வந்திருக்கிறது! இதே கதைதான் நடுவில் இசட் எழுதி ‘டீயெல்’ என்று சொல்லும் பெயருக்கும். சுவடிகள் சேகரித்த காலின் மெக்கன்சியின் பெயரில் உள்ள இசட்டும் அந்த யோக்தான். ஆனால் அங்கே எழுத்து ஒலியை ஜெயித்துவிட்டது, மெக்கன்சி மெக்கன்சிதான்.

அதற்காக, பார்க்கிற எல்லோரையும் ‘மிங்ஙிஸ்’ ஆக்கிவிடாதீர்கள். ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த ராபர்ட் மென்சிஸ், இசட்டை ஒலித்தே மென்சிஸ். ஆனால் பட்டப்பெயர் மட்டும் ‘மிங்’. பிரிட்டனில் 2006-07இல் லிபரல் டெமாக்ரட் கட்சித் தலைவராக இருந்தவருக்கு அதே எழுத்துகள் குடும்பப் பெயருக்கு முன்னால் வரும், அவர் மிங்ஙிஸ் கேம்பெல். ஒரே எழுத்து, இரண்டு ஆள், இரண்டு ஒலி. பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் என்றால், அதே எழுத்தில் முடிகிற ஊர் மில்டன் கீன்ஸ். ‘100 பிரிட்டிஷ் பெயர்கள்’ என்று பிடிஎஃப் விற்கிறவரிடம் இதற்கெல்லாம் பதில் கிடைக்காது. பெயர்க்காரரிடம்தான் கிடைக்கும்.

ஒன்று மட்டும் நம் தாத்தாக்கள் சரியாகவே சொல்லிவந்தார்கள், கிளார்க்கு. அமெரிக்காவில்தான் அது ‘கிளர்க்’. பிரிட்டனில் இன்றும் ‘க்ளார்க்’. அந்தத் தொழிலிலிருந்து பிறந்த குடும்பப் பெயரும் க்ளார்க்தான், கடைசியில் இ போட்டாலும் போடாவிட்டாலும். அங்கே டார்பி என்ற ஊரிலும் ‘ஆ’ ஒலிக்கு டி-க்குப் பின் இ போட்டே எழுதுவார்கள்.

முதல் நாள் மேலாளரிடம் ‘ஹௌ டு யூ சே யுவர் நேம்?’ என்று நேராகக் கேளுங்கள். அங்கே அது மரியாதைக் குறைவு இல்லை. அவர் சொல்வதைத் தமிழில் கைநோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து அவர் உங்கள் பெயரைக் கேட்பார். அதில் ‘ழ’ இருந்தால் டீ ஆறும்வரை நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.