மகள் இறந்தபின் நாங்கள் வளர்க்கும் பேரனை மருமகன் கேட்கிறார். கொடுத்தே ஆக வேண்டுமா?

கேட்டவுடன் கொடுத்தாக வேண்டும் என்றில்லை, அம்மா. ஆனால் "நாங்கள்தானே வளர்த்தோம்" என்பது மட்டும் கோர்ட்டில் எடுபடாது. இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்பாதான் இயற்கைக் காப்பாளர். அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, பிள்ளையின் நலன்தான் முதலில் என்கிறது. வழக்கு முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடும்.

உச்ச நீதிமன்றமே இரண்டு விதமாகவும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 2010இல், மறுமணம் செய்துகொண்ட அப்பா கேட்டும் பிள்ளையை அம்மாவழித் தாத்தாவிடமே விட்டது. 2019இல் தேஜஸ்வினி கௌட் வழக்கில், தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த குழந்தையைத் தாய்வழி உறவினரிடமிருந்து அப்பாவிடம் ஒப்படைத்தது. உங்கள் வயதைக் காட்டி ஒதுக்கிவிடுவார்களோ என்று பயப்படாதீர்கள். கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த ஒரு சிறுவனை, அரசு வேலையில் இருந்த தாயின் சகோதரியைவிட அப்பாவழித் தாத்தா பாட்டியிடம் விடுவதே சரி என்று 2022இல் அதே நீதிமன்றம் சொன்னது.

என் அக்கா மகளை எங்கள் அம்மாதான் வளர்த்தார். அத்தான் வழக்குப் போட்டார். தடுப்பூசி அட்டை, பள்ளி டைரி, ஃபீஸ் ரசீது எல்லாவற்றையும் கொடுத்தோம்; அவை உதவின. ஆனால் நீதிபதி அவளைத் தனியறைக்குக் கூப்பிட்டுக் கேட்டதுதான் பெரிதாக இருந்தது. "பாட்டிகூட இருக்கேன், ஞாயித்துக்கிழமை அப்பாகிட்ட போறேன்" என்றாளாம். அந்த வயதில் அப்படித் தெளிவாகச் சொல்ல முடிந்ததற்கு அம்மாதான் காரணம். அத்தான் வாங்கி வந்த செருப்பு அளவு சிறியதாக இருந்தபோது, கடையில் மாற்றிவந்து "அப்பா வாங்கிக் கொடுத்தது" என்றே போட்டுவிட்டவர் அவர். மகளை இழந்த துக்கத்திலும் மருமகனைப் பற்றிப் பேத்தி காதுபட ஒரு வார்த்தை பேசியதில்லை. தீர்ப்பும் அவள் சொன்னபடியே வந்தது.

மருமகன் குடிப்பவர், அடிப்பவர் என்றால் அதைத் தயங்காமல் கோர்ட்டில் சொல்லுங்கள். அப்படி இல்லையென்றால் இட்டுக்கட்ட வேண்டாம். பேரனை வேறு ஊருக்கு அனுப்பி மறைத்து வைக்கவும் வேண்டாம், அப்புறம் ஆட்கொணர்வு மனுவில் போலீஸ் வாசலுக்கு வரும். அதற்குப் பதில் 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி நீங்களே முந்திக்கொண்டு மனுப் போடலாம். பேரன் வழக்கமாக வசிக்கும் ஊருக்கு உட்பட்ட கோர்ட்டில்தான் போட வேண்டும். அப்பா வந்து பார்க்கும் நாட்களையும் அந்த மனுவிலேயே நீங்களாக எழுதிக் கொடுங்கள்.