காபிக்கு எதற்குச் சாட்சி?

அன்புள்ள ஐயா,

நான் ஓய்வு பெற்ற அஞ்சலக ஊழியன். காலையில் இரண்டு காபி, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு கமலா ஆரஞ்சு, சாயங்காலம் எலுமிச்சை பிழிந்த கட்டன் டீ. என் ஆடம்பரம் இவ்வளவுதான். போன வாரம் என் மகன் செல்போனில் ஒரு செய்தியைக் காட்டி, "காபியும் டீயும் கூடாதென்று அரசாங்கமே சொல்லிவிட்டது, ஆரஞ்சு மட்டும் போதும்" என்கிறான். இரண்டிலும் ஆன்டிஆக்ஸிடன்ட் இருப்பதாக நானும் படித்தேன். உடம்புக்கு நல்லது என்று நீங்கள் நாலு வரி எழுதினால் அவனிடம் காட்டுவேன். இன்னொன்று, எங்கள் கொல்லையில் நார்த்தை காய்க்கிறது. அதை டீயில் பிழியலாமா?

ரா., மன்னார்குடி

அன்புள்ள ரா.,

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் ஓர் உணவு வழிகாட்டி வெளியிட்டன. மகன் காட்டியது அதைப் பற்றிய செய்தியாகத்தான் இருக்கும். காபியே கூடாது என்று அதில் இல்லை. காபியிலும் டீயிலும் சுறுசுறுப்பைத் தருகிற காஃபின் என்ற பொருள் நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்டவேண்டாம் என்கிறது. 150 மில்லி காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரை, ஒரு டீயில் 30 முதல் 65 வரை. உங்கள் இரண்டு காபிக்கும் ஒரு டீக்கும் உச்சக் கணக்கே போட்டாலும் 305 வருகிறது. சிக்கரியில் காஃபின் கிடையாது. உங்கள் பொடியில் கொஞ்சம் சிக்கரி இருந்தால் அந்த ஐந்தும் கழிந்துவிடும்.

சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம் என்றும் அதில் இருக்கிறது. அவற்றில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள், சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆரஞ்சின் வைட்டமின் சி அதே இரும்பை உடம்பில் சேர்க்கும். நீங்கள் யாரும் சொல்லாமலே அதை மத்தியானத்துக்கு வைத்திருக்கிறீர்கள். உங்கள் டாக்டர் வேறு ஏதாவது சொல்லியிருந்தால் அவர் பேச்சைக் கேளுங்கள். மருத்துவம் இத்துடன் சரி.

நீங்கள் கேட்ட நாலு வரியை நான் எழுதப்போவதில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் இதே காபியைத் திட்டித் தமிழில் ஏராளமாக எழுதினார்கள். பழையதும் நீராகாரமும் போய் இந்தச் சனியன் வந்ததே என்று அவர்களுக்கு ஆற்றாமை. 1930களில் டீக்காரர்கள் ஊர் ஊராகப் போய் இலவசமாகப் போட்டுக் கொடுத்து, தெம்பு தரும் பானம் என்று விளம்பரம் செய்தார்கள். விஷம் என்றவர்களும் மருந்து என்றவர்களும் போய்விட்டார்கள். ஜனங்கள் ருசிக்காகக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆன்டிஆக்ஸிடன்டைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினால், நாளைக்கு வேறோர் ஆராய்ச்சி வந்து அந்தச் சாட்சியைக் கலைத்துவிடும். "எனக்குப் பிடித்திருக்கிறது" என்று மகனிடம் சொல்லுங்கள். அறுபது தாண்டியவருக்கு அந்த உரிமைகூடக் கிடையாதா?

ஆரஞ்சை மட்டும் உங்கள் மகன் விட்டுவைத்ததுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபியும் கமலா ஆரஞ்சும் ஒரே தோட்டத்தில்தான் வளர்ந்தன. குடகிலும் அப்படித்தான். நோய் விழுந்து ஆரஞ்சு மரங்கள் பெரும்பாலும் போய்விட்டன, காபி நிற்கிறது. கீழ்மலைப் பழம் பார்க்க லட்சணமாக இருக்காது. பச்சையும் மஞ்சளுமாக, தொளதொளத்த தோலோடு, உள்ளே நிறைய விதையோடு இருக்கும். ஆனால் அந்தத் தோலை மடக்கினால் ஒரு பொடிச் சாரல் தெறிக்கும் பாருங்கள், அறை முழுக்க மணக்கும். சாயங்காலம் வரை நகக்கண்ணில் வாசனை இருக்கும். எனக்கு ஆரஞ்சில் பாதி சந்தோஷம் உரிப்பதில்தான். ஜூஸாகப் பிழிந்து குடிப்பவர்களைக் கண்டால் பாவமாக இருக்கிறது.

கட்டன் டீக்கு ஒன்று சொல்லவேண்டும். எலுமிச்சையைக் கொதிக்கும்போது விடாதீர்கள், கசந்துபோகும். இறக்கி, வடிகட்டி, கண்ணாடி டம்ளரில் ஊற்றியபின் ஐந்தாறு சொட்டு போதும். கருஞ்சிவப்பாக இருந்த டீ கண்ணெதிரே தேன் நிறத்துக்கு மாறும். பித்தளை டம்ளரில் குடிப்பவருக்கு இந்தக் காட்சி கிடையாது.

நார்த்தங்காய்ச் சாறு வேண்டாம். அதன் கசப்பும் டீயின் துவர்ப்பும் சேர்ந்தால் கஷாயம்தான். ஆனால் தோல் அருமையானது. ஏர்ல் கிரே என்று வெள்ளைக்காரர்கள் கொண்டாடும் டீயில் இருப்பதும் பெர்கமாட் என்ற, நார்த்தைக்கு உறவான ஒரு பழத்தின் தோல் எண்ணெய்தான். இத்தாலியின் தென்கோடியில், கலாப்ரியாவில் விளைவது. நீங்கள் காயின் பச்சைத் தோலை மட்டும், வெள்ளை வராமல், நகத்தளவு சீவி வெறும் டீயில் போட்டு மூடிவையுங்கள். இலையையும் போடலாம். வீட்டில் வேப்பிலைக்கட்டி இடிக்க (பேர்தான் வேப்பிலை, போடுவது நார்த்தை இலை) இலை பறிக்கும்போது இளசாக இரண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நடுநரம்பைக் கிழித்துவிட்டுப் போடவேண்டும்.