பழைய கார் விளக்குகள்: பல்பை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

கொழிஞ்சாம்பாறை வாசகர்: அம்பாசிடரில் பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது. சுவிட்ச் போய்விட்டதா?

சுவிட்சைத் தொடவே வேண்டாம். பின் விளக்கின் எர்த் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) போயிருக்கிறது. பல்புக்குள் போன கரண்ட் பாடி வழியாகத் திரும்ப முடியாமல், பக்கத்து பல்பின் வழியே போகப் பார்க்கிறது. ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு, வோல்ட் மீட்டரின் ஒரு முனையை பல்பு ஹோல்டரின் உடம்பிலும் மறுமுனையை பேட்டரியின் எர்த் முனையிலும் வையுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கோளாறுதான். திருகைக் கழற்றி, பெயிண்டும் துருவும் போகும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) வைத்து முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். நம் பாலக்காட்டுப் பக்கம் இடவப்பாதி மழை முடிந்ததும் இந்தக் கோளாறு வருவது வழக்கம்தான்.

நெம்மாறை வாசகர்: மோரிஸ் மைனர், நெகட்டிவ் எர்த்துக்கு (பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு சேர்வது) மாற்றியது. நெல்லியாம்பதி ஏற்றத்தில் ஹெட்லைட் போதவில்லை. 100/90 வாட் பல்பு (பிரைட்டில் 100, டிம்மில் 90) போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். பிரைட்டில் இரண்டு பல்பும் சேர்ந்து 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய வயரும் ஹோல்டரும் உருகிவிடும். இந்தக் காரில் இருப்பதே இரண்டு ஃபியூஸ், ஹெட்லைட் அந்த இரண்டிலும் சேராது. அதனால் ஷார்ட் ஆனால் காப்பாற்ற ஒன்றும் இல்லை.

இப்போதுள்ள பல்பிலேயே எவ்வளவு வோல்ட் வந்து சேருகிறது என்று பாருங்கள். வோல்ட் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்) போடுங்கள். பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30-ஆம் முனைக்கு, 87-லிருந்து தடித்த புது வயரில் பல்புக்கு. நீலம்-வெள்ளை (பிரைட்), நீலம்-சிவப்பு (டிம்) பழைய வயர்கள் 86-க்குப் போகட்டும். 85-ஐ எர்த் செய்யுங்கள். ஒரிஜினல் வயரிங்கை வெட்டாமலே இதைச் செய்யலாம், எனக்கு இதில் பிடித்த விஷயமே அதுதான். அப்புறமும் போதாவிட்டால் 60/55 ஹாலஜனுக்கு மாறலாம். ஆனால் உங்களுடையது 22 ஆம்பியர் டைனமோ என்றால், லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது அது சார்ஜே செய்யாது, விளக்கு பேட்டரியைத்தான் தின்னும்.

ஆரியங்காவு வாசகர்: பத்மினியில் எல்இடி இண்டிகேட்டர் போட்டேன். மின்னாமல் நின்று எரிகிறது.

பழைய ஃபிளாஷர் (இண்டிகேட்டரை மின்ன வைக்கும் கருவி) 21 வாட் பல்புகள் இழுக்கும் கரண்டில் சூடாகித்தான் விட்டுவிட்டு வேலை செய்யும். எல்இடி இழுப்பது அதற்குப் போதாது. எல்இடிக்கான எலக்ட்ரானிக் ஃபிளாஷர் வாங்கி மாட்டுங்கள், சரியாகிவிடும்.

சித்தூர் வாசகர்: டிம்மர் கால் சுவிட்சை மிதித்தால் சில நேரம் இரண்டு ஹெட்லைட்டும் அணைந்துவிடுகிறது.

எதிரே பஸ் வரும்போது அப்படி நடந்தால் உயிருக்கே ஆபத்து. சரிசெய்யும்வரை இரவில் வண்டியை எடுக்காதீர்கள். கால்மிதிக்குக் கீழே தேங்கிய தண்ணீர் சுவிட்சின் காண்டாக்ட்டை அரித்திருக்கும். சுத்தம் செய்தால் கொஞ்ச நாள் ஓடும், ஆனால் புதிதாக மாற்றுவதே நல்லது. மாற்றும்போது கால்மிதியைத் தூக்கி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அந்த ஓட்டையையும் அடைத்துவிடுங்கள்.