எடை குறைந்த கார், நீண்ட பந்தயம்: கேள்வி பதில்

நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு சிறிய ஸ்போர்ட்ஸ் காரைத் தயார் செய்து, 8 மணி நேரமோ 24 மணி நேரமோ மாறி மாறி ஓட்டும் எண்டியூரன்ஸ் பந்தயங்களைப் பற்றிக் கேள்விகள் கேட்கச் சொல்லியிருந்தேன். நிறைய வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். கணக்கு வரும் இடங்களில் எல்லாம் 8 மணி நேரப் பந்தயம், 5 கிலோமீட்டர் டிராக், லேப்புக்கு 2 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, இரண்டு கார்கள் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. இன்னொன்று அதைப்போல இரண்டு மடங்கு குதிரைத்திறன் உள்ள கூபே, எடை 1,500 கிலோ. நேர்கோட்டில் கூபே பறக்கிறது. எதை எடுக்கலாம்?

எம்எக்ஸ்-5. யோசிக்கவே வேண்டாம்.

மணிக்கு 160 கிலோமீட்டரில் வரும், எம்எக்ஸ்-5 மாதிரியான 1,000 கிலோ காரை 80-க்குக் கொண்டுவர பிரேக் விழுங்க வேண்டிய சக்தி சுமார் முக்கால் மெகாஜூல். 1,500 கிலோ என்றால் அது 1.1 மெகாஜூல். ஒரு லேப்பில் இப்படி நான்கு இடங்கள் இருந்தால், 240 லேப்பில் 960 தடவை. அத்தனை வெப்பமும் டிஸ்க், பேட், பிரேக் ஆயில், வீல் பேரிங் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். டயர் தேய்வதும் பெட்ரோல் குடிப்பதும் இதே கதைதான். பத்து லேப் ஓட்டிப் பார்க்கும்போது கூபே ஜெயிக்கும். ஐந்தாவது மணி நேரத்தில் அது பேட் மாற்ற பிட்டுக்குள் (டிராக்கை விட்டு வந்து காரைக் கவனிக்கும் இடம்) வரும். உங்கள் கார் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒன்றுக்கு மட்டும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். நேர்கோட்டில் எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள். அதைப் பார்த்து வளைவில் பழிவாங்க நினைக்காத டிரைவர்கள்தான் வேண்டும்.

கேள்வி: எங்கள் அணியில் ஒருவர் மற்றவர்களைவிட லேப்புக்கு 2 வினாடி வேகம். அவரையே அதிக நேரம் ஓட்ட வைக்கலாமா?

முதலில் விதிப்புத்தகத்தைப் பாருங்கள். ஒருவர் தொடர்ந்து ஓட்டும் நேரத்துக்குப் பல பந்தயத் தொடர்களில் வரம்பு உண்டு. 2 மணி நேரம் என்பது பரவலாக இருக்கிறது.

அதற்குள் அவர் என்ன சம்பாதிப்பார்? 60 லேப், லேப்புக்கு 2 வினாடி, மொத்தம் 120 வினாடி. அதாவது ஒரே ஒரு லேப். ஒரு முறை சுழன்று டிராக் ஓரச் சரளைக்குள் போய், மார்ஷல்கள் (டிராக் பாதுகாப்பு ஊழியர்கள்) கட்டி இழுத்து வெளியே விட்டால் அதைவிட அதிகமாகப் போய்விடும். அதனால் அவருடைய சிறந்த லேப்பை விட்டுவிட்டு, எல்லா லேப் நேரங்களையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். ஒரு வினாடிக்குள் அடங்கினால் தாராளமாக முதல் ஸ்டின்ட்டும் (ஒருவர் ஒரே மூச்சில் ஓட்டும் பகுதி) கடைசி ஸ்டின்ட்டும் அவருக்கே கொடுங்கள். ஏறி இறங்கினால் அந்த 2 வினாடியை நம்பாதீர்கள்.

கேள்வி: பெட்ரோல் கணக்கு எப்படிப் போடுவது? போன முறை கடைசிக் கால் மணி நேரத்துக்காக ஒரு தடவை கூடுதலாக உள்ளே வரவேண்டியிருந்தது. வயிறு எரிந்தது.

எரியத்தான் செய்யும். இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் எம்எக்ஸ்-5-இன் டேங்க் 45 லிட்டர். அடியில் 3 லிட்டரை மறந்துவிடுங்கள். மிச்சம் 42. உங்கள் கார் பந்தய வேகத்தில் மணிக்கு 22 லிட்டர் குடிக்கிறது என்றால் ஒரு டேங்க் 1 மணி 54 நிமிடம் வரும். மூன்று நிறுத்தம், நான்கு டேங்க்: 7 மணி 38 நிமிடம். விதிப்படி ஒவ்வொரு நிறுத்தமும் 5 நிமிடம் என்றால் அந்த 15 நிமிடத்தையும் சேர்த்து 7 மணி 53 நிமிடம். ஏழு நிமிடம் இடிக்கிறது. அந்த ஏழு நிமிடத்துக்காக நான்காவது முறை உள்ளே வந்து முழுதாக 5 நிமிடம் நிற்க வேண்டும்.

இப்போது மணிக்கு 21.5 லிட்டர் என்று போட்டுப் பாருங்கள். நிறுத்தங்களோடு சேர்த்து 8 மணி 3 நிமிடம் வருகிறது. நான்காவது நிறுத்தம் காணாமல் போய்விட்டது. அந்த அரை லிட்டர் என்பது லேப்புக்கு சுமார் 17 மில்லிலிட்டர். இருமல் மருந்து மூடியில் கொள்ளும் அளவு. நீளமான நேர்கோட்டின் முடிவில் பிரேக் மிதிப்பதற்குச் சற்று முன்பே ஆக்சிலரேட்டரை விட்டால் போதும். கியரில் உருளும்போது இன்ஜெக்டர்கள் பெட்ரோலை நிறுத்திவிடும். இதனால் லேப்புக்கு 0.3 வினாடி இழந்தாலும் நாள் முழுக்க 70 வினாடிதான். கிடைப்பது 5 நிமிடத்துக்கும் மேல்.

ஆனால் இந்தக் கணக்கு உங்கள் காரின் உண்மையான எண்ணில் நிற்க வேண்டும். டேஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள். பயிற்சி நாளில் டேங்க்கை வாய்வரை நிரப்பி, ஒரு மணி நேரம் பந்தய வேகத்தில் ஓட்டி, அளவு தெரிந்த கேனிலிருந்து மறுபடி வாய்வரை நிரப்புங்கள். எத்தனை லிட்டர் இறங்கியதோ அதுதான் உங்கள் எண். ஒவ்வொரு டிரைவருக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள், வித்தியாசம் தெரியும். டேங்க் காலியாகும்போது நீண்ட வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி இன்ஜின் ஒரு நொடி திக்கும். அது எத்தனையாவது லிட்டரில் வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானின் சுகுபா டிராக்கில் 1989 முதல் பத்திரிகை, ஊடக அணிகள் எம்எக்ஸ்-5 கார்களில் 4 மணி நேரப் பந்தயம் ஓட்டுகின்றன. எல்லோருக்கும் எரிபொருள் அளவோடுதான். முன்னணியில் ஓடிய கார் கடைசி நிமிடங்களில் பெட்ரோல் தீர்ந்து ஊர்வதெல்லாம் அங்கே சகஜம்.

கேள்வி: ஒரு மணி நேரம் ஆனதும் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிடுகிறது. பெரிய பிரேக் போட வேண்டுமா?

முதலில் ஆயிலை மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 தரத்தின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரிதான். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் பஞ்சு. பந்தயத்துக்கென்றே வரும், கொதிநிலை அதிகமான ஆயிலைப் புதிதாக ஊற்றி, காற்றை ஒழுங்காக எடுத்துவிட்டு வாருங்கள். அடுத்தது பந்தய பேட், அதற்கடுத்தது டிஸ்க்குக்குக் காற்று கொண்டுவரும் குழாய். சிறிய காரில் இந்த மூன்றுக்குப் பிறகும் பெரிய பிரேக் தேவைப்படுவது அபூர்வம்.

கேள்வி: எம்எக்ஸ்-5-இல் எது முதலில் உடையும் சார்?

முன் வீல் ஹப் (சக்கரம் மாட்டும் மையப் பகுதி) பேரிங். ஒட்டும் டயர் போட்டு நீண்ட நேரம் ஓட்டினால் அது தேய்ந்தே தீரும். ஒரு ஜோடி ஹப்பைத் தயாராகக் கையில் வைத்திருங்கள். காரை ஜாக்கில் ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லேசாக லொடலொடத்தாலும் மாற்றிவிடுங்கள், இன்னொரு பந்தயம் தாங்கும் என்று நினைக்காதீர்கள்.

ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி பழுப்பாகியிருந்தால் அது எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும். ஆரம்பகால 1.6 இன்ஜின் என்றால் கிராங்க் (இன்ஜினின் முதன்மைச் சுழல் தண்டு) முனை குட்டையான வகையா என்று பாருங்கள். அதில் புல்லி தளர்ந்து ஆடும் சிக்கல் உண்டு. வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் இறுக்க வேண்டும்.

கேள்வி: டிரைவர் மாற்ற எங்களுக்கு நான்கு நிமிடம் ஆகிறது. எப்படிக் குறைப்பது?

உங்கள் தொடரில் 5 நிமிடக் கட்டாய நிறுத்தம் இருந்தால் குறைக்கவே வேண்டாம். அந்த நேரத்தை வீணாக்காமல் பயன்படுத்துங்கள்: ஆயில் மட்டம், வீல் நட்டு, டயரின் உள்விளிம்பு, கண்ணாடி துடைப்பு.

கட்டாய நேரம் இல்லையென்றால் பழகித்தான் ஆக வேண்டும். கார் முழுதாக நிற்கும்வரை பெல்ட்டைத் தொடக்கூடாது, இதில் சமரசமே கிடையாது. நின்றதும் ஜன்னல் வலையை இறக்கு, ஸ்டியரிங்கைக் கழற்று, ரேடியோ வயரையும் தண்ணீர்க் குழாயையும் பிடுங்கு, பெல்ட்டை விடுவி, வெளியே வா. இறங்கியவர் அப்படியே நகர்ந்துவிடாமல் திரும்பி நின்று அடுத்தவருக்குப் பெல்ட் மாட்டிவிட வேண்டும். இருக்கை எங்கே இடிக்கும், பெல்ட் எங்கே சிக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். இடுப்புப் பட்டையை முதலில் தாழ்வாக இறுக்கிவிட்டு, பிறகுதான் தோள் பட்டை. தோள் பட்டையை முதலில் இழுத்தால் இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும். விபத்தில் அது உள்ளுறுப்புகளை நசுக்கும்.

பெட்ரோல் ஊற்றும்போது டிரைவர் உள்ளே இருக்கலாமா என்று உங்கள் விதியில் பாருங்கள். பல தொடர்களில் கூடாது. கூடும் என்றாலும் நான் விடமாட்டேன். தீயணைப்பான் பிடித்து நிற்பவருக்கு அந்த நேரத்தில் வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பழைய ஹெல்மெட், பழைய பெல்ட் வாங்கிச் செலவைக் குறைக்கலாமா?

கூடாது. சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. சான்றுள்ள பெல்ட்டுக்கு 5 ஆண்டு, அமெரிக்காவின் எஸ்.எஃப்.ஐ. அமைப்பின் சான்றுக்கு 2 ஆண்டுதான் ஆயுள். பைக் ஹெல்மெட்டும் வேண்டாம். ஸ்னெல் அமைப்பு கார் பந்தயத்துக்கென்று சான்று தரும் எஸ்.ஏ. வகை ஹெல்மெட்டில் உள்துணி தீத் தாங்குவதாக இருக்கும். ரோல் கேஜ் (காருக்குள் இருக்கும் பாதுகாப்புக் கூண்டு) கம்பியில் மோதுவதற்கும் தனிச் சோதனை உண்டு. கழுத்துக்கு ஹான்ஸ் (மோதும்போது தலை முன்னால் பாயாமல் பிடிக்கும் சாதனம்) கட்டாயம் போடுங்கள். செலவைக் குறைக்க வேண்டுமானால் இன்ஜினில் குறையுங்கள்.

கேள்வி: கோட் 60 வந்தால் உடனே உள்ளே வருவது சரியா?

பெரும்பாலும் சரி. துபாய் 24 மணி நேரப் பந்தயம் போன்றவற்றில் விபத்து நடந்தால் ஊதாக் கொடி காட்டி, டிராக் முழுவதும் எல்லோரையும் மணிக்கு 60 கிலோமீட்டரில் போக வைப்பார்கள். நம் டிராக்கில் அப்போது ஒரு லேப்புக்கு 5 நிமிடம் ஆகும். 5 நிமிடம் நின்றால் சாதாரணமாக இரண்டரை லேப் போகும்; இப்போது ஒரு லேப்தான் போகும். சில தொடர்களில் அந்த நேரத்தில் எரிபொருள் நிரப்பக் கட்டுப்பாடு உண்டு, முன்பே படித்துவிடுங்கள். பிட்டில் உள்ளவர்கள் பத்து வினாடிக்குள் முடிவெடுத்து ரேடியோவில் சொல்ல வேண்டும். அதற்கு அடுத்த டிரைவர் ஹெல்மெட்டோடு தயாராக உட்கார்ந்திருக்க வேண்டும்.

கேள்வி: டயர்?

200 ட்ரெட்வேர் (டயரின் பக்கவாட்டில் இருக்கும் தேய்மான எண்; எண் குறைந்தால் டயர் மென்மை) பலருக்கும் விதியே. விதி இல்லாவிட்டாலும் அதையே போடுங்கள். அதைவிட மென்மையானது நாள் முழுக்கத் தாங்காது.

கேள்வி: முதல் முறையாக இரவில் ஓட்டப் போகிறேன். பயமாக இருக்கிறது அண்ணா.

இருக்கட்டும், முதல் அரை மணி நேரத்தில் அது உங்களை நிதானமாக வைத்திருக்கும். கலிஃபோர்னியாவின் தண்டர்ஹில் 25 மணி நேரப் பந்தயம் பெரும்பாலும் டிசம்பரில் நடந்திருப்பதால் பாதிக்கு மேல் இருட்டிலேயே ஓடியிருக்கிறது. அமெச்சூர் அணிகள் அதை ஓட்டி முடித்திருக்கின்றன.

பகலிலேயே ஒவ்வொரு வளைவுக்கும் ஹெட்லைட் வெளிச்சத்தில் தெரியக்கூடிய ஓர் அடையாளத்தைப் பிடித்து வையுங்கள்: மார்ஷல் கூண்டு, கெர்ப்பின் (டிராக் விளிம்புத் திட்டு) தொடக்கம், தூரப் பலகை. தூரத்து மரமோ கட்டடமோ இரவில் இருக்காது. வேகமான கார் பின்னால் விளக்கடித்துக்கொண்டு வந்தால் ஒதுங்கி வழிவிடப் போகாதீர்கள். உங்கள் கோட்டிலேயே போங்கள், அவர் பார்த்துக்கொள்வார். நீங்கள் எந்தப் பக்கம் நகர்வீர்கள் என்று அவர் ஊகிக்க வேண்டி வந்தால்தான் இடிக்கும். கூடுதல் விளக்கு போடுவதாக இருந்தால் ஆல்டர்னேட்டர் அந்தச் சுமையைத் தாங்குமா என்று ஓடவிட்டு வோல்டேஜைப் பாருங்கள்.

கேள்வி: நான் 155 செ.மீ. உயரம். அணியில் இன்னொருவர் 185. ஒரே இருக்கையில் எப்படி இருவரும் ஓட்டுவது? என்னால் அணிக்குச் சிரமம் ஆகிறதோ என்று தோன்றுகிறது.

சிரமமே இல்லை அக்கா, எல்லா அணியிலும் இருக்கும் விஷயம்தான். இருக்கையை உயரமானவருக்குப் பொருத்திவிட்டு, உங்களுக்கென்று முதுகுக்கும் அடிக்கும் சேர்த்து ஒரு இன்செர்ட் செய்துகொள்ளுங்கள். இரண்டு திரவங்கள் கலந்து பையில் உப்பி இறுகும் நுரை கிடைக்கிறது. அதன்மேல் கையுறை, உடை எல்லாம் போட்டு, கிளட்ச்சை முழுதாக மிதித்தபடி உட்கார்ந்தால் உங்கள் உடம்பின் அச்சு கிடைத்துவிடும். தீத் தாங்கும் துணியால் மூடி, ஒரு கைப்பிடி தைத்துவிடுங்கள், டிரைவர் மாற்றத்தில் ஒரே இழுப்பில் வெளியே வர வேண்டும். முக்கியமாக, இன்செர்ட்டோடு உட்கார்ந்த நிலையில் தோள் பட்டைகள் உங்கள் தோளைவிடத் தாழ்ந்த துளை வழியாகக் கீழ்நோக்கி இழுக்காமல், தோள் மட்டத்திலோ சற்று மேலிருந்தோ வருகின்றனவா என்று யாரையாவது பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு டிரைவரும் மாறி மாறி உட்கார்ந்து இதைச் சரிபார்த்துவிட்டுத்தான் காரை டிரெய்லரில் ஏற்ற வேண்டும்.